வெற்றுக் கோப்புறைகளை அழிக்கும் முன்

சபையின் வன்தட்டைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. "ஞாயிறு பாடசாலை 1998" என்று ஒரு கோப்புறை, அதாவது நாம் வீட்டில் ஃபோல்டர் என்று சொல்வது. அதைத் திறந்தால் உள்ளே "படங்கள்". அதைத் திறந்தால் "ஒளிவிழா". அதையும் திறந்தால் ஒன்றுமில்லை. திரும்பி வந்து அடுத்ததைத் திறந்தால் அதிலும் ஒன்றுமில்லை. பத்து நிமிடத்தில் கை சலித்துவிடும்.

ரூஜ், போர்ட் யூனியன், மல்வேர்ன் பக்கங்களில் கூடிவருகிற தமிழ்ச் சபைகளில் இப்படி நடப்பதற்குக் காரணம் உண்டு. பல சபைகளுக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. வேறொரு சபையாரின் ஆலயத்தில் பிற்பகல் ஆராதனை. செயலாளர் வீட்டு பேஸ்மென்ட்தான் அலுவலகம். செயலாளர் மாறும்போது கோப்புகளும் வீடு மாறும். மேசைக் கணினியிலிருந்து மடிக்கணினிக்கு, அங்கிருந்து வன்தட்டுக்கு, பிறகு கூகிள் டிரைவுக்கு. ஒவ்வொரு மாற்றத்திலும் சில பெட்டிகள் வந்து சேரும், சாமான் வந்து சேராது.

இந்த வெற்றுக் கோப்புறைகளை ஒன்றொன்றாகத் தேடி அழிக்கத் தேவையில்லை. பைத்தான் மொழியில் பத்து வரி நிரல் எழுதினால், ஆயிரக்கணக்கான கோப்புறைகளைச் சில நொடிகளில் பார்த்து முடித்துவிடலாம். நம் வாலிபர்களில் பலர் பத்தாம் வகுப்பிலேயே இதை எழுதக்கூடியவர்கள். அந்தப் பத்து வரியை ஓடவிடுவதற்கு முன் தெரிந்திருக்கவேண்டியவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

அதனால் என்ன நட்டம்?

வெற்றுக் கோப்புறை வன்தட்டில் அநேகமாக இடமே பிடிப்பதில்லை. பெரும்பாலான கணினிகளில் அது ஒரு சில கிலோபைட்டுக்கு மேல் போகாது. ஆயிரம் வெற்றுக் கோப்புறைகளும் சேர்ந்து கைபேசியில் எடுத்த ஓரிரண்டு புகைப்படங்களின் அளவுதான் வரும். இடத்தை மிச்சப்படுத்த என்றால் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

நட்டம் வேறு இடத்தில் இருக்கிறது. கோப்புறையின் பெயர் ஒரு வாக்குறுதி. "1996 ஞானஸ்நானம்" என்று பெயர் இருந்தால், அந்தப் படங்கள் பத்திரமாக இருக்கின்றன என்று எல்லோரும் நம்பிவிடுகிறோம். வீடு மாறும்போது ஒரு அன்ரி பழைய அல்பத்தைக் கையில் எடுத்து, "இதெல்லாம் சபைக் கணினியில் இருக்குத்தானே" என்று கேட்டால், பட்டியலைப் பார்த்துவிட்டு "ஓம் அன்ரி, இருக்கு" என்று நாமும் சொல்லிவிடுவோம். அந்த ஒரு பதிலோடு அல்பம் குப்பைப் பைக்குள் போய்விடலாம். கோப்புறையைத் திறந்து பார்க்கும் நாளில் அன்ரியிடமும் ஒன்றும் இருக்காது, எங்களிடமும் ஒன்றும் இருக்காது.

ஆகவே வெற்றுக் கோப்புறைகளைத் தேடுவது அவசியமான வேலை. எது வெறுமையாக இருக்கிறது என்று தெரிந்துகொள்வதே அதில் கிடைக்கும் முதல் பலன். அழிப்பது அதற்குப் பிறகு.

நிரல் எப்படிப் பார்க்கிறது

கோப்புறைகள் ஒன்றுக்குள் ஒன்று இருப்பதால் தேடலை உள்ளிருந்து வெளியே செய்யவேண்டும். மேலே சொன்ன "ஞாயிறு பாடசாலை 1998" என்ற கோப்புறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் "படங்கள்" இருப்பதால் அது வெறுமையானது அல்ல. "படங்கள்" கோப்புறைக்குள் "ஒளிவிழா" இருப்பதால் அதுவும் வெறுமையானது அல்ல. மேலிருந்து பார்த்துக்கொண்டு போனால் கடைசியில் உள்ள "ஒளிவிழா" மட்டுமே அகப்படும். கீழிருந்து வந்தால் முதலில் "ஒளிவிழா" போகும். அது போனதும் "படங்கள்" வெறுமையாகும். அது போனதும் மேலே உள்ளதும் வெறுமையாகும். கோப்புறைகளில் நடந்து செல்லும் பைத்தான் கட்டளைக்குக் கீழிருந்து மேலே வரச் சொல்லும் வசதி இருக்கிறது. லினக்ஸ் கணினிகளில் உள்ள "ஃபைண்ட்" கட்டளையும் அழிக்கச் சொன்னால் தானாகவே உள்ளிருந்து தொடங்கும்.

அடுத்தது, அழிக்கும் கட்டளையைத் தெரிந்தெடுப்பது. பைத்தானில் கோப்புறையை அழிக்க இரண்டு வழிகள் உண்டு. "ஆர்எம்டிர்" என்ற கட்டளை வெறுமையான கோப்புறையை மட்டுமே அழிக்கும். உள்ளே ஒரு சின்னக் கோப்பு இருந்தாலும் "முடியாது" என்று மறுத்துவிடும். "ஆர்எம்ட்ரீ" என்ற கட்டளை உள்ளே என்ன இருந்தாலும் கிளையோடு வெட்டிவிடும். வெற்றுக் கோப்புறை வேலைக்கு இரண்டாவதைத் தொடவே கூடாது. கோப்புறை வெறுமையானதா என்று நிரலே கணக்குப் பார்த்து முடிவெடுத்தால் அந்தக் கணக்கு பிழைக்கலாம். முதல் கட்டளையைப் பயன்படுத்தினால், கடைசி நொடியில் கணினியே இன்னொரு முறை உள்ளே பார்த்துவிட்டுத்தான் அழிக்கும்.

அந்தக் கணக்கு எப்படிப் பிழைக்கும்? ஓர் எடுத்துக்காட்டு: திறக்க அனுமதி இல்லாத கோப்புறையைச் சந்தித்தால், பைத்தானின் நடைக் கட்டளை முறைப்பாடு சொல்லாமல் அதைத் தாண்டிப் போய்விடும். தனியாகக் கேட்டால்தான் பிழையைத் தெரிவிக்கும். நிரல் எழுதியவர், கோப்பு ஒன்றும் கண்ணில் படவில்லை என்பதையே வெறுமை என்று எடுத்துக்கொண்டால், பூட்டிய அறையை ஆளில்லாத அறை என்று எண்ணுவது போலாகிவிடும்.

இன்னொன்றையும் நினைவில் வைக்கவேண்டும். நிரல் அழிப்பது குப்பைக்கூடைக்குப் போகாது; நேரே போய்விடும். கூகிள் டிரைவ் இணையத்தளத்தில் நாம் கையால் அழிப்பது 30 நாட்கள் குப்பைக்கூடையில் இருக்கும். வன்தட்டில் நிரல் அழிப்பதற்கு அந்தத் தவணையும் இல்லை.

வெறுமைபோலத் தெரிபவை

சில கோப்புறைகள் நம் கண்ணுக்கு வெறுமையாக இருக்கும், கணினிக்கு இருக்காது. மக் கணினி தான் திறந்த கோப்புறைகளில் "டிஎஸ் ஸ்டோர்" என்ற மறைந்த கோப்பை வைத்துவிடும். விண்டோஸின் பழைய பதிப்புகள், படங்கள் இருந்த கோப்புறைகளில் "தம்ஸ் டிபி" என்ற மறைந்த கோப்பை வைக்கும். இவை இருக்கும்வரை நம் நிரல் அந்தக் கோப்புறையை அழிக்க மறுக்கும். இவற்றையும் சேர்த்து அழித்துவிடச் சொல்லி நிரலைத் திருத்துவது பலருடைய வழக்கம்.

கொஞ்சம் பொறுங்கள். "தம்ஸ் டிபி" கோப்புக்குள் இருப்பவை, அந்தக் கோப்புறையில் இருந்த படங்களின் மிகச் சிறிய பிரதிகள். மூலப்படம் அழிந்த பிறகும் அந்தச் சிறிய பிரதி உள்ளே தங்கியிருக்கக்கூடும். முகம் தெளிவாகத் தெரியாமல் போகலாம். ஆனால் அந்தக் கோப்புறையில் என்ன படங்கள் இருந்தன, யாரிடம் போய்க் கேட்கவேண்டும் என்பதற்கு அது போதும். வேறு தடயம் இல்லாத இடத்தில் அதைக் குப்பை என்று எண்ணக்கூடாது.

தமிழில் பெயர் வைத்தவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. "போதகர் செய்திகள்" என்று ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்; ஒன்று நிறைந்தது, மற்றது வெறுமையானது. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு எப்படி இருக்கமுடியும்? "போ" என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறி முழுவதையும் ஒரே குறியாக வைக்கலாம். இரட்டைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று எனப் பிரித்தும் வைக்கலாம். யூனிகோட் முறை இரண்டையும் சமமாக ஏற்கிறது. நம் கண்ணுக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் பல கணினிகளுக்கு இவை இரண்டு வேறு பெயர்கள். பழைய மக் கணினிகள் பெயர்களைப் பிரித்தே சேமித்தன. அங்கிருந்து கோப்புகள் மற்றக் கணினிக்கு வந்தபோது இப்படி இரட்டையர்கள் பிறந்திருக்கலாம். ஆகவே ஒரு கோப்புறை வெறுமையாக இருக்கிறது என்று மனம் பதறுவதற்கு முன், பக்கத்தில் அதன் இரட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

பார்வைக்கு வெறுமையாகத் தெரிவது உண்மையில் வெறுமைதானா என்ற கேள்வி நம் ஊர் நிலத்துக்கும் பொருந்தும். ரூஜ் பூங்காவில் உள்ள பீட் ஹில் என்ற இடத்தில், 17ஆம் நூற்றாண்டில் செனெக்கா மக்கள் வாழ்ந்த ஊரின் எச்சங்கள் மண்ணுக்கடியில் இருக்கின்றன. 1991இல் அது தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. தெரியாதவர்களுக்கு அது வெறும் மரமும் புல்லும்தான்.

2017 ஜனவரி 31

வெற்றுக் கோப்புறையை அழிப்பதில் அப்படி என்ன ஆபத்து என்று கேட்பவர்கள் கிட்லாப் நிறுவனத்தில் நடந்ததை அறிந்துகொள்ளவேண்டும். உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் இடம் அது. அவர்களின் தரவுகள் இரண்டு சேவையகங்களில் இருந்தன: ஒன்று முதன்மை, மற்றது அதன் பிரதி. அன்றிரவு பிரதி பின்தங்கிவிட்டது. அதை மீண்டும் முதலிலிருந்து நிரப்ப, அதன் தரவுக் கோப்புறை வெறுமையாக இருக்கவேண்டும். நிரப்பும் கட்டளை ஓடவில்லை. வெறுமையாக இருந்தாலும் கோப்புறை அங்கே இருப்பதே தடையோ என்று எண்ணிய பொறியியலாளர் அதை அழிக்கக் கட்டளையிட்டார். ஓரிரு நொடிகளில் அவருக்கு விளங்கியது: அவர் நின்றது பிரதியில் அல்ல, முதன்மைச் சேவையகத்தில். உடனே நிறுத்தினார். ஏறத்தாழ 300 கிகாபைட் தரவில் 4.5 கிகாபைட் மட்டுமே மிஞ்சியிருந்தது.

காப்புப் பிரதிகளைத் தேடிப் போனார்கள். ஐந்து வகையான ஏற்பாடுகள் இருந்தன. நம்பி எடுக்கக்கூடியதாக ஒன்றும் இல்லை. அன்றாடக் காப்பு போய்ச் சேரவேண்டிய இணையக் கிடங்கைத் திறந்து பார்த்தபோது அது வெறுமையாக இருந்தது. காப்பு எடுக்கும் நிரல் பதிப்பு ஒத்துப்போகாததால் நெடுநாளாகத் தோல்வியடைந்துகொண்டிருந்தது; அதை அறிவிக்கவேண்டிய மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை.

வெறுமை என்று எண்ணி அழித்தது நிறைந்திருந்தது. நிறைந்தது என்று நம்பியிருந்தது வெறுமையாக இருந்தது. இரண்டையும் யாரும் திறந்து பார்த்திருக்கவில்லை.

முழு இழப்பிலிருந்து அவர்களைக் காப்பாற்றியது ஒரே ஒரு பிரதி. அதே பொறியியலாளர் ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்தது அது. அதற்குப் பிந்திய மணி நேரங்களின் தரவு மட்டும் திரும்பவில்லை. சுமார் 5,000 திட்டங்கள், 5,000 கருத்துரைகள், 700 புதிய பயனர் கணக்குகள் பாதிக்கப்பட்டன. நிறுவனம் நடந்ததை ஒளிக்காமல் அறிக்கையாக வெளியிட்டது. அதில் அந்தப் பொறியியலாளரின் பெயர் இல்லை. "குழு உறுப்பினர் 1" என்றே எழுதியிருந்தார்கள். ஒரு மனிதர்மேல் பழியைப் போட்டுவிட்டு வேலையை முடிக்காமல், எந்த ஏற்பாடு தவறியது என்று தேடிய விதம் சபைக் குழுக்களும் கற்கவேண்டியது.

இதற்கு இரண்டு வருடங்களுக்கு முன், 2015 ஜனவரியில், ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் பதிப்பில் வேறொரு விபத்து நடந்தது. தன் கோப்புறைக்குள் இருப்பதை அழிக்கும்படி எழுதிய ஒரு வரியில், கோப்புறையின் முகவரி இருக்கவேண்டிய இடம் வெறுமையாகிவிட்டது. முகவரி இல்லாமற்போகவே, கட்டளை கணினியின் அடிவேரிலிருந்து அழிக்கத் தொடங்கியது. பயனர் ஒருவரின் சொந்தக் கோப்புகளோடு, வெளியில் செருகியிருந்த காப்பு வன்தட்டில் இருந்தவையும் போயின. நிரலில் முகவரியைச் சரிபார்க்கும் ஒரு வரி இருந்திருந்தால் போதும்.

வெறுமையாகவே இருக்கவேண்டியவை

எல்லா வெற்றுக் கோப்புறைகளும் மிச்சசொச்சம் அல்ல. சில மென்பொருள்கள் தாம் எழுதப்போகும் கோப்புகளுக்காக ஒரு கோப்புறையை எதிர்பார்த்திருக்கும். அது இல்லாவிட்டால் நின்றுவிடும். நிரல்களைச் சேமிக்கும் கிட் என்ற கருவி கோப்புகளை மட்டுமே கணக்கில் எடுக்கும், வெற்றுக் கோப்புறையை நினைவில் வைக்காது. அதனால் நிரலாளர்கள் அப்படிப்பட்ட கோப்புறைக்குள் "கிட்கீப்" என்ற பெயரில் ஒரு சிறிய கோப்பை வைப்பது வழக்கமாகிவிட்டது. அது கருவியின் சட்டம் அல்ல. "இந்த இடம் வேண்டும், அழிக்காதே" என்று ஒருவர் மற்றவருக்கு விட்டுச்செல்லும் குறிப்பு.

எலிசாவின் சொற்படி அயலாரிடம் வெறும் பாத்திரங்களை வாங்கி வைத்த விதவையை நாம் அறிவோம். பார்ப்பவருக்கு அவை வெறும் பாத்திரங்கள். அவளுக்கோ அவை எண்ணெய்க்காக வைத்த இடம். சபை வன்தட்டிலும் அப்படிச் சில இருக்கும். "மூத்தோர் நேர்காணல்கள்" என்று ஒருவர் நல்ல எண்ணத்தோடு கோப்புறை திறந்து, ஒவ்வொரு ஊர்ப் பெயரிலும் உள்ளே ஒன்று வைத்திருப்பார்: சுண்டிக்குளி, வட்டுக்கோட்டை, உடுவில், தெல்லிப்பழை. பதிவு செய்யும் வேலை நடக்கவில்லை. நிரல் அதைப் பார்த்தால் "வெறுமை" என்று சொல்லும். நமக்கு அது இன்னும் செய்யாத வேலையின் பட்டியல்.

நமக்கு இது ஏன் பெரிய காரியம்

1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. சிலவற்றுக்கு உலகில் வேறு பிரதியே இல்லை. 1995 அக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் வீடுகளை விட்டு நடந்தபோது, எத்தனையோ குடும்பங்களின் படங்களும் ஞானஸ்நானச் சான்றிதழ்களும் திரும்பக் கிடைக்கவில்லை. இன்று நம் வீட்டு அலுமாரிகளில் இருப்பவை அந்த வழியெல்லாம் தப்பிவந்தவை.

இதை உணர்ந்தவர்கள்தான் 2005இல் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தைத் தொடங்கினார்கள். இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்கள், இதழ்கள், நினைவு மலர்கள் எனப் பலவும் அதில் யாரும் வாசிக்கும்படி இருக்கின்றன. ரூஜிலிருந்து சற்றுத் தூரத்தில், மிலிட்டரி ட்ரெயில் வீதியில் உள்ள ரொறன்ரோப் பல்கலைக்கழக ஸ்காபரோ வளாகத்தின் நூலகமும் தமிழ் எண்ணிம ஆவணப் பணியில் நூலக நிறுவனத்தோடு இணைந்து உழைத்திருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களுக்கு ஒன்றைக் கொடுக்கவேண்டுமானால், முதலில் நம்மிடம் உண்மையில் என்ன இருக்கிறது என்று நமக்கே தெரிந்திருக்கவேண்டும்.

நாங்கள் பரிந்துரைக்கும் முறை

1. முதலில் முழு வன்தட்டையும் வேறொரு வன்தட்டுக்குப் பிரதி எடுங்கள். அந்தப் பிரதியைக் கழற்றி வேறு வீட்டில் வையுங்கள். பிரதியைத் திறந்து நாலைந்து படங்களையாவது பார்த்து உறுதிசெய்யுங்கள்.

2. நிரல் தொடங்கும் முகவரியை முழுமையாக எழுதுங்கள். முகவரி வெறுமையாக இருந்தாலோ, அந்த இடம் இல்லாவிட்டாலோ நிரல் அங்கேயே நிற்கவேண்டும்.

3. முதல் ஓட்டத்தில் ஒன்றையும் அழிக்காதீர்கள். வெற்றுக் கோப்புறைகளின் பெயரையும் இடத்தையும் ஒரு பட்டியலாக எழுதச் சொல்லுங்கள். மறைந்த கோப்பு மட்டும் உள்ளவை, திறக்க முடியாதவை, ஒரே பெயருள்ள இரட்டையர்கள் ஆகியவற்றுக்குத் தனிப் பட்டியல் வேண்டும்.

4. பட்டியலைக் கடதாசியில் அச்சிட்டு மூத்தவர்களிடம் கொண்டுபோங்கள். ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரம் போதும். "அங்கிள், இந்த 1994 ரிட்ரீட் படங்கள் யாரிடம் இருக்கும்?" என்று கேளுங்கள். கணினிக்குத் தெரியாத பதில் அவருக்குத் தெரிந்திருக்கும்.

5. வைத்திருக்கவேண்டிய வெற்றுக் கோப்புறைக்குள் ஒரு சிறிய உரைக் கோப்பை எழுதி வையுங்கள்: ஏன் வெறுமையாக இருக்கிறது, யாரிடம் கேட்கவேண்டும், எழுதிய திகதி என்ன. அதன் பிறகு அது வெற்றுக் கோப்புறை அல்ல. நிரலும் அதைத் தொடாது.

6. மற்றவற்றுக்கும் ஒரு தவணை கொடுங்கள். அத்தி மரத்துக்காக இன்னும் ஒரு வருடம் கேட்ட தோட்டக்காரனை நினைத்துக்கொள்ளுங்கள். நமக்கு ஒரு வருடம் வேண்டாம், ஓர் ஒளிவிழாக் காலம் வரை போதும். அந்தக் காலத்தில் வெளியூர் உறவினர்களும் வருவார்கள். கேட்க ஆள் அதிகம்.

7. தவணை முடிந்ததும் வெறுமையானதை மட்டும் அழிக்கும் கட்டளையால் அழியுங்கள். எந்தத் திகதியில் எவை அழிந்தன என்ற பட்டியலைச் சபைப் பதிவோடு சேர்த்து வையுங்கள்.

இந்த ஏழு படிகளில் கணினி செய்வது சில நொடி வேலை. மிகுதி எல்லாம் மனிதர்களிடம் போய்க் கேட்கும் வேலை. அதற்குத்தான் நாட்கள் குறைந்துகொண்டிருக்கின்றன. 1990களில் இங்கே சபையைத் தொடங்கியவர்களில் பலர் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். கோப்புறை இன்னும் பத்து வருடம் வெறுமையாகக் காத்திருக்கும். அதை நிரப்பக்கூடியவர் காத்திருப்பாரா என்பது நமக்குத் தெரியாது.

நிரல் எழுதத் தெரிந்த வாலிபர்கள் அடுத்த ஓய்வுநாளில் மடிக்கணினியோடு வாருங்கள். நிரல் தெரியாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. இன்று இரவே வீட்டில் அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ கேளுங்கள்: பழைய அல்பங்கள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று.